வனராஜாவும் நம் ஊற்றுக் காடும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அதிபர் ஐயா அவர்களே, கோயில் பரிபாலன சபையினரே, கிராம உத்தியோகத்தர் அம்மா அவர்களே, கொழுந்து நிறுத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் தாய்மாரே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். விளக்கேற்றிய டாக்டர் ஐயாவுக்கும் ஒலிபெருக்கி தந்த தம்பிக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இன்று மூன்று விடயங்கள் பேச வந்தேன்: வனராஜா என்ற செடி, அதன் மருத்துவம், அதைக் காக்கும் சட்டம்.

முற்றத்து மல்லிகை மணக்காது என்பார்கள். டிக்கோயாவில் வனராஜா என்று ஒரு தேயிலைத் தோட்டமே இருக்கிறது. பெயரைத் தினமும் சொல்கிறோம். செடியை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? அது தரையில் படரும் ஓர்கிட். கருஞ்சிவப்பு வெல்வெட் துணியில் பொன்னூலால் வலை பின்னியது போல இலை. பூ சின்னது, வெள்ளை. ராஜா பட்டம் இலைக்குத்தான்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மாயியோடு விறகுக்குப் போனேன். ஓடை பிறக்கிற இடத்தில், சருகுக்குள் நாலு இலை மின்னியது. அம்மாயி முன்னால் நடந்துகொண்டிருந்தார். வேரோடு கிளப்பிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பால்மா பேணியில் ஆணியால் ஓட்டை போட்டு நட்டு, லயத்து வீட்டு வாசலில் வெயில் நன்றாக விழும் இடமாகப் பார்த்து வைத்தேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளெல்லாம் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள். மூன்றாம் நாள் இலையோரம் கருகியது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினேன், சாணி கரைத்து ஊற்றினேன். ஒரு வாரத்தில் தண்டு கூழாகிவிட்டது. அம்மாயி பேணியைத் தூக்கிப் பார்த்தார். "அது குளிருல இருக்குற ராசாடா. வெயில்ல வச்சா என்ன பண்ணும்?" என்றார். அடிக்கவில்லை. மறுநாள் அங்கேயே கூட்டிப்போய், நான் தோண்டிய குழியைச் சருகால் மூட வைத்தார். அந்தக் குழி இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

மருத்துவத்துக்கு வருகிறேன். சிங்கள நாட்டு வைத்தியத்தில் இதைப் பாம்புக்கடிக்குச் சொல்வார்கள். இன்று யாரையாவது பாம்பு தீண்டினால் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆனால் அந்த மருந்துப் பேரால்தான் செடியை வேரோடு பிடுங்குகிறார்கள். அழகுக்காகப் பிடுங்குகிறவர்களும் உண்டு. போன செடி சும்மா திரும்பி வராது. ஓர்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சைக்கு ஈரச் சருகு வேண்டும், சருகுக்கு மரம் வேண்டும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது அந்த மரத்தைப் பற்றித்தான். முதலில் கோப்பிக்கு, 1869இல் இலைநோய் வந்த பிறகு தேயிலைக்கு என்று மலைக்காடு போனது. சிவனொளிபாதமலைக் காட்டை 2010இல் உலக மரபுரிமையில் சேர்த்தார்கள், மகிழ்ச்சி. நம் லயத்துக்கு மேலே ஊற்றுத் தலையில் நிற்கிற காட்டுத் துண்டை யார் சேர்ப்பது? நாம் குடிக்கிற தண்ணீர் அங்கேதான் பிறக்கிறது. முற்றத்து மல்லிகை மணக்காது! ஃபாக்டரிக்கும் அடுப்புக்கும் விறகு வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு நட்ட டர்பன்டைன் மரம் இருக்கிறது. ஊற்றுத் தலையில் கத்தி வைக்க வேண்டாம்.

சட்டம் 1937இலிருந்து இருக்கிறது, அதை விரிக்க நேரமில்லை. ஊற்றுக் காட்டைக் காக்கக் கேட்கும் மனு அதிபர் ஐயாவின் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஊற்றுக்கு ஏறுகிறோம். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டு வாருங்கள், மண்வெட்டி வேண்டாம்.