நடுவில் இன்னொரு மொழி எதற்கு?

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, அயல்மொழித் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, இன்று முதல் வகுப்புக்கு வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். காலையிலிருந்து ஓர் அமர்வையும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் துணைவேந்தருக்குத் தனியாக ஒரு நன்றி. நூலகர் அம்மையார் பின்வரிசையில் இருக்கிறார். பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய நூல்களை யாருமே எடுக்காத ஆண்டுகளிலும் அவற்றைக் கழித்துவிடாமல் காத்துவைத்தவர் அவர். அவருக்காக இந்த அவை ஒருமுறை கைதட்ட வேண்டும்.

இரண்டு செய்திகளைப் பேச வந்தேன். அயல்மொழியை எப்படிக் கற்பது, அதன் இலக்கியத்தை எதற்காகப் படிப்பது. எதில் தொடங்கினாலும் என் மனம் ஒரு பழமொழியில்தான் போய் நிற்கிறது: தன் கையே தனக்கு உதவி.

கற்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். நாலைந்து படி ஏறிய பிறகு இலக்கியத்தைத் தொடலாம் என்று காத்திருக்காதீர்கள். முதல் ஆண்டிலேயே நான்கு வரிக் கவிதை ஒன்றை மனப்பாடம் செய்யுங்கள். பொருள் பிறகு வரும், ஓசை முதலில் நாக்கில் ஏறட்டும்.

இப்போது ஒரு கதை. நடந்த கதை. 1799இல் எகிப்தின் ரொசெட்டாவில் ஒரு கல் கிடைத்தது. ஒரே செய்தி மூன்று எழுத்துமுறைகளில் வெட்டியிருந்தது. மேலே எகிப்தியப் பட எழுத்து, நடுவில் வேகமாக எழுதும் எகிப்திய எழுத்து, கீழே கிரேக்கம். கிரேக்கம் தெரிந்த அறிஞர்கள் ஐரோப்பா முழுக்க இருந்தார்கள். என்றாலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பட எழுத்து முழுதாகப் பிடிபடவில்லை. ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு இளைஞர் என்ன செய்தார்? பழைய எகிப்திய மொழியின் வழிவந்த, எகிப்தியக் கிறித்தவர்கள் வழிபாட்டில் மட்டும் வைத்திருந்த காப்டிக் மொழியைக் கற்றார். ‘இதைப் படித்து என்ன பயன்?’ என்று எல்லாரும் கேட்கக்கூடிய மொழி. பேச ஆள் இல்லாததால் தனக்குத்தானே காப்டிக்கில் பேசிக்கொண்டார்!

1822 செப்டம்பர். நீள்வட்டத்துக்குள் எழுதிய ஓர் அரசன் பெயர் அவர் முன் இருக்கிறது. முதல் குறி ஒரு வட்டம். சூரியனோ? காப்டிக்கில் சூரியனுக்கு ‘ரே’. கடைசியில் ஒரே குறி இரண்டு முறை, அது ‘ச’ என்று அவருக்குத் தெரியும். நடுவில் உள்ள குறி, ரொசெட்டாக் கல்லில் பிறந்தநாளைச் சொல்லும் இடத்தில் வருகிறது. பிறப்பித்தலுக்குக் காப்டிக்கில் ‘மிசே’. ரே, மிஸ், ச, ச… ராமசேஸ்! அண்ணன் வேலை செய்த இடத்துக்கு ஓடினார், ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்றார், மயங்கி விழுந்தார் என்று சொல்வார்கள். கிரேக்கத்தின் வழியாக எட்டிப் பார்த்தவர்களுக்குத் திறக்காத கதவு அது. தன் கையே தனக்கு உதவி.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன்? நாமும் உலக இலக்கியத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் எட்டிப் பார்க்கிறோம். பிரெஞ்சில் ‘வூ’ என்றால் நீங்கள், ‘த்யூ’ என்றால் நீ. ஜெர்மனிலும் ரஷ்யத்திலும் இந்தப் பிரிவு உண்டு. நாவலில் இருவர் ‘நீங்கள்’ என்பதை விட்டு ‘நீ’க்கு வரும் இடத்தில் அவர்கள் உறவே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே ‘யூ’. அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருபவர் ஊகிக்கத்தான் வேண்டும். மலாயில் ‘கித்தா’ நம்முடைய ‘நாம்’, ‘காமி’ நம்முடைய ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்த்துக்கொள்வதா, விலக்கி நிறுத்துவதா என்ற நுட்பம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது, நடுவில் ‘வீ’ என்ற ஒரே சொல்லில் தொலைந்துபோகிறது. நம் மொழியில் இடம் இருந்தும் இழக்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

நான் இலக்கணத் தேர்வுகளில் எல்லாம் தேறினேன். ஒரு சிறுகதையைத் தமிழாக்கு என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. பட்டம் வாங்கியபின் நானாக உட்கார்ந்தபோது முதல் பக்கத்துக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் கற்ற அளவு வகுப்பில் கற்கவில்லை.

துணைவேந்தர் அவர்களே, அதனால்தான் போகும் இடமெல்லாம் இதைக் கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் மூலமொழியிலிருந்து நேரடியாக நாற்பது பக்கம் தமிழில் தரட்டும். அதற்கு மதிப்பெண் கொடுங்கள். அயல்மொழி ஆசிரியர் ஒருவரும் தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து திருத்தட்டும். ஒரு பிரதி நூலகர் அம்மையாரிடம் போகட்டும். முதல் ஆண்டில் வரும் மொழிபெயர்ப்புகளை வரிவரியாகப் படித்துத் தர நான் வருகிறேன், எந்தக் கட்டணமும் வேண்டாம். நாள் மட்டும் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.