தில்லைங்கிற பேரு இந்த மரத்தோடது | பிச்சாவரம் வ்லாக்

வணக்கம் மக்களே. துடுப்புப் படகுல இருக்கேன். ரெண்டு பக்கமும் காடு நெருங்கிடுச்சு, அதான் மெதுவா பேசுறேன். பிச்சாவரம் வர்றவங்க எல்லாரும் சுரபுன்னையோட முட்டு வேரைத்தான் படம் புடிப்பாங்க. நான் வந்தது வேற ஒரு மரத்துக்காக.

அதோ, கரையோரமா நிக்குது பாருங்க. பந்தக்கால் மாதிரி தண்ணியில ஊனி நிக்கிற வேரெல்லாம் இதுக்குக் கிடையாது. பச்சைக்கு நடுவுல அங்கங்க ஒண்ணு ரெண்டு இலை மட்டும் செக்கச்செவேல்னு இருக்குல்ல? அது உதிரப்போற இலை. இதுதான் தில்லை.

தில்லை நடராசர், தில்லைக் காளி, தில்லைவாழ் அந்தணர்னு வாய் நிறையச் சொல்றோமே, அந்தத் தில்லை இந்த மரந்தாங்க. சிதம்பரம் கோயிலுக்குத் தலமரமும் இதுதான். அந்த ஊரே ஒரு காலத்துல தில்லைவனமா இருந்துச்சுன்னு தலபுராணம் சொல்லுது. இன்னிக்கு அது காடா நிக்கிறதைப் பாக்கணும்னா, ஊர்லேர்ந்து கிழக்க ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தள்ளி, வெள்ளாறுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கிற இந்தக் கழிக்குத்தான் வரணும்.

இருங்க, கிட்ட காட்டுறேன்... "தம்பி, கையை எடுங்க! பால் கண்ணுல பட்டா அவ்வளவுதான்!" படகு ஓட்டுற அண்ணன் சொல்றது சத்தியம். இந்த ஒடிஞ்ச காம்பு நுனியைப் பாருங்க, வெள்ளையா ஒரு சொட்டு. தோல்ல பட்டா கொப்புளம் போடும். கண்ணுல பட்டா கொஞ்ச நாளைக்குப் பார்வையே போயிடலாம்.

இதைப் பாத்ததும் எனக்கு ஐங்குறுநூறுதான் ஞாபகம் வருது. நெய்தல்ல 131ஆம் பாட்டு. பாணன்கிட்ட ஒரு பொண்ணு சொல்றா: ஊர் வாயில விழாம இருந்தா தன் காதலரோட நட்பு நல்லதுதான்னு. அந்த ஊரை அவ எப்படிச் சொல்றா தெரியுமா? 'தில்லை வேலி இவ்வூர்'. தில்லையையே வேலியா உடைய ஊர்! படிக்கும்போது அழகுக்குச் சொன்னதுன்னு நினைச்சேன். இந்தச் சொட்டைப் பாத்தப்புறம் அப்படித் தோணல. இப்படிப் பால் வடியுற மரம் சுத்தி நின்னா, எவன் கை வச்சு ஒடிச்சுட்டு உள்ள வருவான்? கடக்க முடியாத அந்த வேலியைத் தாண்டியும் ஊர்ப்பேச்சு வருதேன்னுதான் அவ தவிச்சிருக்கணும்.

புன்னைக்காயல், தாழங்குடான்னு நம்ம கரையில மரஞ்செடி பேரைத் தாங்குற ஊர் இன்னும் இருக்கு. ஒவ்வொண்ணாப் போகணும்.

தண்ணி வத்த ஆரம்பிச்சிடுச்சாம், அண்ணன் படகைத் திருப்புறாரு. தலைக்கு மேல தில்லைக் கிளை வருது, கேமராவை மடியில வச்சுக்கிறேன்.