மூன்று வானொலி, மூன்று வினைச்சொல்

எல்லோருக்கும் வணக்கம். பலஸ்தீனச் செய்திகள் நமக்கு எப்படி வந்து சேருகின்றன என்று பேசத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசுகிறேன். ஆனால் சாவகச்சேரியிலிருந்து தொடங்க விடுங்கள்.

1995 டிசெம்பர். யாழ்ப்பாண நகரமும் சேர்ந்த வலிகாமத்துச் சனம் முழுக்க, படை நெருங்க, சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியில் வந்து நெருக்கியடித்துக் கிடந்த நாட்கள். மின்சாரம் போய் ஐந்து வருடம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பெடியன் பெடலைச் சுற்றுவான், டைனமோவில் ரேடியோ பேசும். யாழ்ப்பாண நகரம் படையினர் கைக்குப் போய்விட்டது. கொழும்பின் பாஷையில் நகரம் 'விடுவிக்கப்பட்டது'. புலிகளின் பாஷையில் 'ஆக்கிரமிக்கப்பட்டது'. வெளிநாட்டு வானொலிக்கு 'கைப்பற்றப்பட்டது'. பெடல் சுற்றிய பெடியனின் தாய் கேட்டது ஒன்றுதான்: "அப்ப, ஆமி வந்திட்டானோ?"

அந்த இரவு பொய் சொன்ன வானொலி எது என்று கேட்டால் என்னால் கைகாட்ட முடியாது. நகரம் கைமாறியது மூன்றுக்கும் பொதுவான உண்மை. வினைச்சொல்லில்தான் அவரவர் கட்சி இருந்தது.

சரி, இப்போது பலஸ்தீனத்துக்கு வருவோம். 1967 யூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காஸா எல்லாம் இஸ்ரேலின் கைக்குப் போயின. இவற்றில் மேற்குக் கரையும் கிழக்கு ஜெருசலேமும் ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்கள் என்று சர்வதேச நீதிமன்றம் 2004 யூலையில் தன் கருத்துரையில் சொன்னது. 2024 யூலை 19 அன்று ஒரு படி மேலே போய், இஸ்ரேல் அங்கே தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்றது. இஸ்ரேல் அரசு மேற்குக் கரையைச் 'சர்ச்சைக்குரிய பிரதேசம்' என்கிறது, 'யூதேயா, சமாரியா' என்று பழைய விவிலியப் பெயராலும் சொல்கிறது. ஆகவே ஒரு நிருபர் நடுநிலை என்று நினைத்துக்கொண்டு 'சர்ச்சைக்குரிய' என்று எழுதினால், அவர் நடுவில் நிற்கவில்லை. ஒரு தரப்பின் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 242 ஆம் தீர்மானம், 1967 நவம்பர் 22 அன்று வந்தது. படைகள் எங்கிருந்து விலக வேண்டும் என்ற இடத்தில், ஆங்கிலப் பிரதியில் 'பிரதேசங்கள்' என்ற சொல்லுக்கு முன்னால் 'த' (the) என்ற மூன்றெழுத்துச் சுட்டு இல்லை. அதனால் எல்லாவற்றிலிருந்தும் விலகத் தேவையில்லை என்று இஸ்ரேல் தரப்பு வாதாடுகிறது. பிரெஞ்சுப் பிரதியைப் படித்தால் அப்படித் தோன்றாது என்பது மறுதரப்பு. அரை நூற்றாண்டைத் தாண்டியும் இந்த வழக்கு ஓயவில்லை. தமிழில் அந்தச் சுட்டே கிடையாது. 'ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசங்களிலிருந்து' என்று நாம் எழுதும்போது சண்டை முழுவதும் காணாமல் போய்விடுகிறது, எழுதியவருக்கும் தெரியாமல்.

நான் பல வருடம் ஒரு பத்திரிகையில் ரொய்ட்டர், ஏஎஃப்பி செய்திகளைத் தமிழாக்கியவன். ராத்திரி பத்து மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். ஆங்கிலத்தில் என்ன வந்ததோ அதுதான் தமிழிலும் போகும். 'மோதலில் ஐவர் பலி'. யார் யாரோடு மோதினார்கள்? சுட்டவர் யார்? தலைப்பில் ஆளே இல்லை. இதை ஆங்கிலத்தின் குற்றம் என்று தள்ளிவிடவும் முடியாது. 'ஷெல் விழுந்து மூவர் பலி' என்று நாமே எத்தனை தரம் எழுதினோம்! காற்றுக்குத் தேங்காய் விழுந்த மாதிரி.

செய்தியாளர் போக முடியாத இடத்தில் நிலைமை இன்னும் மோசம். 2023 ஒக்டோபருக்குப் பிறகு, வெளிநாட்டுச் செய்தியாளர் காஸாவுக்குள் சுயமாகப் போக இஸ்ரேல் விடவில்லை. போனால் இராணுவத்தோடு போக வேண்டும். உள்ளே இருந்து எழுதிய உள்ளூர்க்காரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 2009 இல், இறுதிப் போர் நடந்த வன்னிக்குள் யார் போக முடிந்தது? அந்தப் போருக்குக் கொழும்பு வைத்த பெயர் 'மனிதாபிமான நடவடிக்கை'. இதை இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை.

விளக்க வேண்டியது வேறொன்று. 'குடியேற்றம்' என்ற சொல்லைப் பலஸ்தீனச் செய்தியில் பார்த்தவுடன் தமிழர் ஊர்களில் அரசு சிங்களவரைக் குடியேற்றிய மணலாறு நமக்கு ஞாபகம் வரும். அதனால் நம் மனம் முதலே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்வுக்கு நியாயம் இருக்கிறது, நானும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் சாய்வு சாய்வுதான். 2023 ஒக்டோபர் 7 அன்று இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டபோது, வீட்டுக்குள் இருந்த கிழவிகளையும் சேர்த்து, நம்மில் பலருக்குப் பேனா கொஞ்சம் தயங்கியது.

அந்தத் தயக்கம் எனக்குப் பழையது. 1990 ஒக்டோபர் 30 அன்று இந்த யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு, வெளியேறப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். நாங்கள் வலிகாமத்தை விட்டு நடந்ததும் ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30. இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் 'இடப்பெயர்வு'.

போர் முடிந்து அவர்களில் சிலர் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில், 'இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் மீள்வருகை' என்று ஒரு தலைப்புப் போட்டேன். மறுநாள் சோனகத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் பேப்பரோடு வந்தார். அந்த முதற்சொல்லின் கீழே பேனையால் கோடு கீறியிருந்தார்.

"தம்பி, நாங்கள் எழும்பிப் போனனாங்களோ, எழுப்பி அனுப்பினவையோ?"

கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. பேப்பரை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்க எனக்கு அன்று வாய் வரவில்லை.