ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம்

(கிளை நூலகம் ஒன்றின் நூலக வார விழாவில் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வாசிப்பின் அவசியம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாழ்நாளெல்லாம் அரசுப் பள்ளியில் பாடம் நடத்தியவன் என்கிற முறையில் எனக்கு வேறு ஒரு கவலை இருக்கிறது, அதைப் பேசிவிடுகிறேன். நம் பிள்ளை எந்தப் பக்கத்தைப் படிக்கலாம், இந்த அலமாரியில் எந்தப் புத்தகம் இருக்கலாம் என்பதைக் கட்சி அரசியல் முடிவு செய்துகொண்டிருக்கிறது. எந்தக் கட்சி என்று கேட்டால் எல்லாக் கட்சியும்தான். நம்முடைய கட்சி அதைச் செய்யும்போது நாம் சும்மா இருந்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2011 ஞாபகம் இருக்கிறதா? சமச்சீர் கல்வி. முத்துக்குமரன் குழு பரிந்துரை கொடுத்து, 2010இல் சட்டம் வந்து, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல், ஸ்டேட் போர்டு என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்கி, 1, 6 வகுப்புகளுக்கு அந்த ஆண்டே நடைமுறைக்கும் வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்குப் புத்தகம் அச்சாகி விநியோகத்துக்குத் தயாராக இருந்த நேரத்தில் மே மாதம் ஆட்சி மாறியது. வந்த வேகத்தில் புதிய அரசு நிறுத்தி வைத்தது, அதற்காக ஒரு திருத்தச் சட்டமும் கொண்டுவந்தது, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அரசு உச்ச நீதிமன்றம் போனது, ஆகஸ்ட் 9ஆம் தேதி அங்கேயும் தோற்றது. பத்து நாளுக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று தீர்ப்பு வந்தது. வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்துக்கு மேலும் பத்தாம் வகுப்புப் பிள்ளை, அதுவும் பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளை, புத்தகம் இல்லாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தது. பழைய பாடமும் நடத்த முடியாது, புதிய பாடமும் நடத்த முடியாது. நாங்கள் இலக்கணமும் கணக்கும் பொதுவாக நடத்தி ஒப்பேற்றினோம். போன நாட்களை எந்த நீதிமன்றமும் அந்தப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அப்புறம் புத்தகம் வந்தது, கூடவே ஸ்டிக்கரும் வந்தது. முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகளை மறைக்க வேண்டும். சில இடங்களில் கறுப்பு மை பூசினார்கள், சில இடங்களில் வெள்ளைத் தாள் ஒட்டினார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் கட்டுக்கட்டாகப் புத்தகத்தை அடுக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது பத்தி என்று பட்டியல் பார்த்து ஒட்டிக்கொண்டிருந்தோம். முதுகலை படித்து, பி.எட். முடித்து, தேர்வு எழுதி வேலைக்கு வந்த ஆட்கள்! வகுப்பில் புத்தகத்தைக் கொடுத்த அன்றைக்கே ஒரு பையன் அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் படித்தான். சுற்றி நாலு பேர். மற்ற பாடங்களை அவ்வளவு ஆர்வமாக யாரும் புரட்டவில்லை. "ஐயா, இதில் என்ன தப்பு இருக்கிறது?" என்று அவன் கேட்டான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? எழுத்துப் பிழை என்றா, பொருள் பிழை என்றா?

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் சாய்ந்தவன் ஆகிவிடுவேன். பதவியில் இருக்கிற ஒரு முதலமைச்சரைப் பற்றிப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எழுதியதே முதல் தலையீடு. அதை மறைத்தது இரண்டாவது தலையீடு. ஒன்று இல்லாமல் மற்றொன்று வந்திருக்காது.

அதே ஆண்டு நவம்பரில்தான் அண்ணா நூற்றாண்டு நூலக விவகாரமும். 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்த கட்டடம், பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பகுதி, குழந்தைகளுக்குத் தனித் தளம், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் சொந்தப் புத்தகத்தோடு வந்து உட்கார இடம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஓராண்டுதான் ஆகியிருக்கிறது, அதற்குள் இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுகிறோம், நூலகத்தைப் பள்ளிக் கல்வி அலுவலகங்கள் இருக்கிற டி.பி.ஐ. வளாகத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று அறிவிப்பு. குழந்தைகளுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? அதனால்தான் அந்தக் காரணம் சொல்லப்பட்டது என்று நான் நினைக்கிறேன். உயர் நீதிமன்றம் உடனே தடை போட்டது, கட்டடம் தப்பியது. ஆனால் ஒரு நூலகத்தை மூடாமலே முடக்க முடியும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பார்த்தோம். பராமரிப்பு இல்லை என்று வழக்கு, வழக்கறிஞர்களை அனுப்பிப் பார்வையிடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு, இப்படியே போனது. புத்தகம் வாங்குவதை நிறுத்து, ஆளைக் குறை, விளக்கை மாற்றாதே, குழாயைச் சரி செய்யாதே. வாசகன் தானாகவே வராமல் போய்விடுவான்.

இதைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அடுத்தது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றிய அரசுக்குப் பாடப்புத்தகம் தயாரிக்கிற என்.சி.இ.ஆர்.டி., பாடச்சுமையைக் குறைக்கிறோம், கொரோனாவால் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள் என்று 2022இல் சொல்லி, பத்தாம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமப் பாடத்தை எடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றில் முகலாய அரசவை பற்றிய பாடம் போனது. காந்தி கொல்லப்பட்ட பிறகு ஆர்.எஸ்.எஸ். சில காலம் தடை செய்யப்பட்டிருந்தது என்கிற செய்தியும் அரசியல் அறிவியல் புத்தகத்திலிருந்து போனது. அந்தப் புத்தகத்துக்கு முதன்மை ஆலோசகர்களாக இருந்த சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் 2023 ஜூனில் எங்கள் பெயரையே எடுத்துவிடுங்கள் என்று கடிதம் எழுதினார்கள். ஸ்டிக்கராவது பரவாயில்லை, வெளிச்சத்தில் காட்டினால் தெரியும். அச்சிலேயே இல்லாத பாடத்தை எந்த ஜன்னலில் காட்டிப் படிப்பது?

அதன் பிறகு பணம். தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றச் சொல்கிற பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக, பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு நிதி தருகிற சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25இல் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது, மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தேசியக் கல்விக் கொள்கை நல்லதா கெட்டதா என்பதை எத்தனை மேடையில் வேண்டுமானாலும் வாதாடலாம். ஆனால் அந்தப் பணத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் சம்பளம் இருக்கிறது, கட்டாயக் கல்விச் சட்டத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் இருக்கிறது. கொள்கைச் சண்டைக்கு அவர்களைப் பிணையாகப் பிடித்து வைப்பது எந்தத் தர்மத்திலும் சேராது.

சரி, அரசு கல்வியில் தலையிடவே கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கொள்கை வகுக்க வேண்டியது அரசுதான், அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறோம். 1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்துத் திட்டம் கொண்டுவந்தார், மாநிலமே எதிர்த்தது, 1954இல் காமராஜர் வந்து அதைக் கைவிட்டார், பள்ளிகளைத் திறந்துகொண்டே போனார், மதிய உணவு கொடுத்தார். அது கொள்கை. பள்ளி வேண்டும், சோறு வேண்டும், பணம் ஒதுக்க வேண்டும் என்பது அரசின் வேலை. எந்தப் பத்தியை அடிப்பது, எந்தப் பதிப்பாளரின் புத்தகத்தை வாங்குவது, எந்த ஆசிரியரைத் தூக்கியடிப்பது என்பது அரசின் வேலை இல்லை. அங்கே தெரிந்தவர்கள் உட்கார வேண்டும்.

அப்படி நடக்கவே நடக்காது என்றும் இல்லை. 2017இல் பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு போட்டு, பாடத்திட்ட வரைவை இணையத்தில் வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள், 2018 முதல் புதிய புத்தகங்கள் வந்தன. 2021இல் ஆட்சி மாறியபோது அவற்றை யாரும் தூக்கி எறியவில்லை. அதே ஆண்டில் முன்னாள் முதல்வர்கள் படம் போட்ட புத்தகப்பைகளை வீணாக்காமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள், 13 கோடி ரூபாய் மிச்சம் என்று சட்டமன்றத்தில் சொன்னார்கள். நல்ல காரியம். அடுத்த கட்டமாகப் பையில் யார் படமும் வேண்டாம் என்று ஒரு அரசு முடிவெடுக்க வேண்டும், அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஆசிரியர் சமூகத்துக்குள் இருக்கிற நோயையும் சொல்ல வேண்டும். இடமாறுதல் கலந்தாய்வு என்று ஒன்று வைத்திருக்கிறோம், பணிமூப்பு பார்த்து, காலிப் பணியிடம் காட்டி, வெளிப்படையாக நடக்க வேண்டியது. அதற்குப் பக்கத்திலேயே நிர்வாக மாறுதல் என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. சிபாரிசு இருக்கிறவர் அந்த வழியாகப் போவார், பிடிக்காத ஆசிரியரும் அந்த வழியாகவே அனுப்பப்படுவார். தலைமையாசிரியர் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். நாளைக்கு ஒரு போன் வந்து, இன்னார் வருவார், பிள்ளைகளை உட்கார வையுங்கள் என்றால் அவர் எப்படி மறுப்பார்? 2024இல் சென்னையில் அரசுப் பள்ளி நிகழ்ச்சியில் முற்பிறவிப் பாவத்தால்தான் உடற்குறை வருகிறது என்று பிள்ளைகளிடம் ஒருவர் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில், மைக் எதிர்த்தரப்பிடம் இருக்கும்போது! அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பேச்சாளரைப் பேச வைத்த பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் பின்னால் மாற்றப்பட்டார்கள். முடியாது என்று சொல்கிற அதிகாரத்தைத் தலைமையாசிரியருக்குக் கொடுக்காமல் மாறுதல் உத்தரவை மட்டும் கொடுத்து என்ன பயன்?

கடைசியாக இந்த நூலகத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் போனதும் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டு விடாமல் முயன்றதால் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு இன்றைக்கு நம்மிடம் வாங்குகிறார்கள். நாம் கட்டுகிற பணம், புத்தகத்துக்கென்றே கட்டுகிற பணம். உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அது ஒழுங்காக வந்து சேருகிறதா, வந்த பணத்தில் எந்தப் புத்தகத்தை யார் தேர்ந்தெடுத்து வாங்கினார்கள் என்று கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது. நூலக ஆர்டர் கிடைக்க யாரைப் பார்க்க வேண்டும் என்று பதிப்பாளர்கள் அலைந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். கேட்காமல் இருந்ததால்தான் யாரும் தேடாத புத்தகம் இங்கே பத்துப் பிரதி தூசி படிந்து கிடக்கிறது, நான்கு பிள்ளைகள் கேட்ட புத்தகம் ஒன்றுகூட இல்லை. நூலகரிடம் கோபப்படாதீர்கள், அவர் கையில் பட்டியல் வருகிறது, அவ்வளவுதான்.

வாசகர் வட்டத்தில் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். இரண்டே கோரிக்கை. ஒவ்வொரு ஆண்டும் இந்த நூலகத்துக்கு வாங்கிய புத்தகப் பட்டியலை விலையோடு அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும், வாங்கும் முன் வாசகர்களிடம் பரிந்துரை கேட்க வேண்டும். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெளியாள் யார் பேச வந்தாலும் குழுவுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். மனு வாசல் பக்க மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.