கெடு

நேயர்களுக்கு வணக்கம்.

வல்லரசுகள் ஏன் மோதிக்கொள்கின்றன, மோதினால் என்ன மிஞ்சுகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் பத்தே நிமிடத்தில். அடங்குகிற தலைப்பில்லை. அதனால் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறேன். ‘கெடு’ என்ற சொல். ‘இத்தனை மணிக்குள் பதில் வரவேண்டும், இல்லாவிட்டால் நடப்பதே வேறு’ என்கிறோமே, அந்தக் கெடு. அழிந்துபோ என்று சபிப்பதற்கும் தமிழில் இதே இரண்டு எழுத்துதான்.

1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதல் உலகப் போருக்குக் காரணம் என்று பள்ளியில் இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். ஆனால் அந்தக் குண்டுச் சத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு வாரம் ஐரோப்பா வழக்கம்போலத்தான் இருந்தது. ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம் கப்பலேறிக் கடல் உலாவே போய்விட்டார். ஜூலை 23 மாலை 6 மணிக்கு, கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி, ஆஸ்திரியா அந்த நாட்டிடம் ஒரு கடிதத்தை நீட்டியது. 48 மணி நேரக் கெடு. நேரம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது செர்பியா பதில் கொடுத்தது. பெரும்பாலான நிபந்தனைகளுக்கு இணக்கம். உங்கள் அதிகாரிகள் எங்கள் மண்ணில் வந்து விசாரிப்பதற்கு மட்டும் இடமில்லை என்றது.

அந்தப் பதிலை ஜூலை 28 காலையில் படித்த வில்ஹெல்ம், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறிப்பு எழுதினார். அதே நாளில் ஆஸ்திரியா தந்தி மூலம் போரை அறிவித்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யப் பேரரசர் நிக்கோலஸ் முழுப் படையையும் திரட்ட ஒப்புக்கொள்கிறார். அவருக்கு உறவினரான வில்ஹெல்மிடமிருந்து தந்தி வருகிறது. மனம் மாறி ஆணையைச் சுருக்கிவிடுகிறார். தளபதிகள் பதறுகிறார்கள். பாதி திரட்டி நிறுத்தினால் மீதியைத் திரட்டவே முடியாது என்கிறார்கள். மறுநாள், ஜூலை 30, முழுத் திரட்டலுக்கே மறுபடி ஒப்புதல். உடனே ஜெர்மனி ரஷ்யாவுக்குக் கெடு விதித்தது. இந்த முறை 12 மணி நேரம். படைக்கு வழிவிடச் சொல்லி ஆகஸ்ட் 2-இல் பெல்ஜியத்துக்கும் 12 மணி நேரம். ஆகஸ்ட் 4 இரவு ஜெர்மனிக்குப் பிரிட்டன் விதித்த கெடுவும் முடிந்தது. 48 மணி நேரத்தில் தொடங்கிய கெடு ஒரு வாரத்தில் கால்வாசியாகச் சுருங்கியிருந்தது.

ஏன் இந்த அவசரம்? கூட்டணி, சந்தைப் போட்டி, குடியேற்ற நாடுகள், தன்மானம் என்று காரணங்களை அடுக்கலாம். அடுக்கியும் இருக்கிறார்கள், நூலகம் கொள்ளாத அளவுக்கு. இவை எல்லாம் விறகு என்றே எனக்குப் படுகிறது. பற்றவைத்தது, பிந்திவிடுவோமோ என்ற பயம். ரஷ்யாவின் புதிய படைத்திட்டம் 1917-இல் முடிந்துவிட்டால் அதற்குப் பிறகு அதைத் தொடமுடியாது என்று ஜெர்மன் தளபதிகள் நம்பினார்கள். இன்றைக்கு அடித்தால்தான் உண்டு என்ற கணக்கு. அந்தக் கணக்குக்கு ரயில் அட்டவணை வேறு. ஆகஸ்ட் 1 மாலை, பிரான்ஸ் ஒதுங்கிக்கொள்ளக்கூடும் என்று ஒரு தவறான நம்பிக்கை பிறந்தது. அப்படியானால் படையைக் கிழக்கே திருப்புங்கள் என்றார் வில்ஹெல்ம். முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. லட்சக்கணக்கானவர்களை மேற்கே கொண்டுபோகத் தீட்டிய திட்டம் அது, ஓரிரவில் மாற்றினால் ராணுவம் இருக்காது, கும்பல்தான் இருக்கும் என்பது அவர் வாதம். பேரரசரின் சொல்லைவிட அட்டவணையின் சொல் பெரிதாகிவிட்டது.

வணிகம் வளர்ந்தால் போர் வராது என்பார்கள். 1914-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். இதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

அடுத்த காட்சி 1962 அக்டோபர். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் பதின்மூன்று நாள் கிடைத்தது. இன்று யோசித்தால் அது பெரிய கொடை. ஆனால் இருவரும் பேசிக்கொள்ள நேரடி வழி கிடையாது. அக்டோபர் 26-இல் குருஷேவ் அனுப்பிய நீண்ட கடிதம் முழுதாகக் கைக்கு வந்து சேர ஏறக்குறைய 12 மணி நேரமாயிற்று. அதனால் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்ற இறுதிப் பதிலை, 28-ஆம் தேதி, மாஸ்கோ வானொலியிலேயே வாசித்துவிட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் பெருமைதான். மறு ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் இடையில் நேரடித் தொடர்பு போடப்பட்டது. அது தொலைபேசி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தட்டச்சில் ஓடிய தொலையச்சு இணைப்பு.

பதின்மூன்று நாள் அப்புறம் நிமிடங்களாயிற்று. 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு தாண்டிய நேரம். மாஸ்கோவுக்கு அருகே ஒரு கண்காணிப்பு மையம். அமெரிக்காவிலிருந்து ஏவுகணை கிளம்பிவிட்டது என்கிறது செயற்கைக்கோள். ஒன்று, இரண்டு என்று ஐந்து வரை போகிறது. பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ். போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தா ஏவுவான் என்று அவர் யோசித்தார். தரை ராடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலே சொல்லிவிட்டார். மேகத்தின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை இயந்திரம் ஏவுகணை என்று எண்ணியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இது பனிப்போர்க் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. சோவியத் ஒன்றியமே இல்லாமல்போன பிறகு, 1995 ஜனவரி 25-இல், துருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஒரு ராக்கெட் விட்டார்கள். ரஷ்யாவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்திருந்தார்கள். அது ராடார் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அணு ஆயுதத்தை ஏவ ஆணையிடும் பெட்டி அன்றைய ரஷ்ய அதிபர் எல்த்சினின் முன்னால் திறக்கப்பட்டது. தரையிலிருந்து கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு அரைமணி நேரம் வேண்டும். கரைக்குப் பக்கத்தில் பதுங்கிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து என்றால், இந்த உரை முடிவதற்குள் வந்துவிடும். அமெரிக்காவும் ரஷ்யாவும் நிறுத்திவைக்கும் அணுகுண்டுகளுக்கு 1,550 என்று உச்சவரம்பு போட்ட ஒப்பந்தம் ஒன்று இருந்தது. 2026 பிப்ரவரியோடு அதன் காலமும் முடிந்துவிட்டது.

1945-க்குப் பிறகு வல்லரசுகள் தங்களுக்குள் முழுப் போரில் இறங்கவில்லை என்பது உண்மை. அடுத்தவன் மண்ணில் அடித்துக்கொண்டன. கொரியாவில் அமெரிக்கப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் மோதின. சோவியத் விமானிகள் சீருடை மாற்றிக்கொண்டு பறந்தார்கள். 1953-இல் சண்டை நின்றது, அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அந்தக் காலத்துக்குப் பனிப்போர் என்று பெயர் வைத்தவரின் வீடு கொரியாவில் இல்லை.

தொடங்குகிற நேரம் இப்படிச் சுருங்கச் சுருங்க, முடிகிற காலம் நீண்டுகொண்டே போகிறது. 1921-இல் ஜெர்மனியின் தலையில் 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு கட்டப்பட்டது. அதை அடைக்க ஜெர்மனி வெளியிட்ட கடன்பத்திரங்களின் கடைசி வட்டித் தவணை கட்டப்பட்ட நாள் எது தெரியுமா? 2010 அக்டோபர் 3. வென்ற நாடு தப்பித்ததா என்றால் இல்லை. முதல் போருக்காகத் தன் மக்களிடம் வாங்கிய பெருங்கடனில் மிஞ்சியதைப் பிரிட்டன் 2015 மார்ச்சில்தான் தீர்த்தது. இரண்டாம் போர் முடிந்ததும் அமெரிக்காவிடமும் கனடாவிடமும் வாங்கிய கடன் 2006 டிசம்பர் இறுதியில்தான் அடைந்தது. கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கட்டியவர்கள் பேரன் பேத்திகள்.

பணத்தையாவது கட்டி முடிக்கலாம். பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற நகரத்தைச் சுற்றி நான்கு ஆண்டு சண்டை நடந்தது. விழுந்த எறிகணைகளில் பல வெடிக்காமல் சேற்றில் புதைந்தன. நச்சு வாயு அடைத்தவையும் அவற்றில் உண்டு. 2014 மார்ச்சில், போர் தொடங்கிய நூறாவது ஆண்டில், அங்கே வேலை செய்துகொண்டிருந்த இரண்டு கட்டுமானத் தொழிலாளர்கள் அப்படியொரு எறிகணை வெடித்து இறந்தார்கள். இப்போதும் ஒவ்வோர் உழவிலும் ஏதாவது தட்டுப்படுகிறது. அந்த ஊர் விவசாயிகள் இதற்கு ‘இரும்பு அறுவடை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலப்பையில் மாட்டியதைப் பதனமாகத் தூக்கிச் சாலையோரக் கம்பத்தடியில் வைத்துவிட்டு மறுபடி உழப் போகிறார்கள். ராணுவ வண்டி வந்து எடுத்துக்கொண்டு போகிறது.

வணக்கம்.