தோண்டிய கோட்டை

நேயர்களுக்கு வணக்கம். கோட்டை என்றதும் கல் மதிலும் கொத்தளமும்தான் கண்முன் வரும். மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டி, இருந்த இடம் எதுவென்றே இன்று அறிஞர்களை வாதாட வைக்கும் ஒரு கோட்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1066 செப்டம்பர் 28. பிரான்சின் நார்மண்டிப் பகுதிக் கோமகன் வில்லியம் படையோடு இங்கிலாந்தின் தென்கரையில், பெவென்சியில் இறங்குகிறார். அங்கிருந்து ஹேஸ்டிங்ஸ் என்ற கரையோர ஊருக்கு. அரசன் ஹாரல்டோடு போர் மூண்டது அக்டோபர் 14-இல்தான். அதற்கு முன்பே கோட்டை வேலை தொடங்கிவிட்டது.

சாட்சி, பேயூ திரைச்சீலை. இந்தப் படையெடுப்பைப் படம் படமாகச் சொல்ல லினன் துணியில் கம்பளி நூலால் போட்ட பூவேலை அது, ஏறத்தாழ 70 மீட்டர் நீளம். அதில் ஆட்கள் மண்ணை வெட்டி மேடாகக் குவிக்கிறார்கள். பக்கத்திலேயே இரண்டு பேர் மண்வெட்டியால் ஒருவர் மண்டையில் ஒருவர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! என்ன தகராறோ. மேலே லத்தீனில், ஹேஸ்டிங்ஸில் கோட்டை "தோண்ட" ஆணையிட்டார் என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், தோண்ட. சுற்றிலும் அகழி வெட்டு, வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கு, உச்சியில் மரவேலி அடி. சிற்பி வேண்டாம், கல் வேண்டாம். அவசரத்துக்கு அதுதான் கோட்டை.

அந்த மேடு எங்கே? ஹேஸ்டிங்ஸ் குன்றின் மேல் இன்று நிற்பது பிற்காலக் கல் கோட்டையின் சிதைவு. முதல் கோட்டையும் அங்கேதான் இருந்தது என்பார் சிலர். கீழே கரையோரம் இருந்து கடலுக்குப் போயிருக்கலாம் என்பார் வேறு சிலர். 1287-இல் வீசிய புயல்களில் குன்றின் முகப்பே சரிந்து, கல் கோட்டையிலும் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு போனது.

மரம் மக்கினாலும் தடம் விடும். தூண் நட்ட குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும், பொறுமையாகச் சுரண்டினால் வட்டமாகத் தெரியும். சர்ரே மாவட்டத்து அபிஞ்சரில் 1949-இல் ஒரு மேட்டின் உச்சியை அகழ்ந்தபோது அப்படித்தான் தெரிந்தது: நடுவில் ஒரு சதுரக் கோபுரத்தின் குழிகள், சுற்றிலும் வேலியின் குழிகள். வேல்ஸ் எல்லையில் ஹென் டோமென் என்ற இடத்தில் 1960 முதல் பல்லாண்டுகள் இதே வேலைதான். கண்ணுக்குப் புல்வெளி, அடியில் கட்டடம் மேல் கட்டடமாக மரக் கோட்டை.

ஹேஸ்டிங்ஸின் முதல் மேடு கடலுக்குத்தான் போனது என்றால், சுரண்டிப் பார்க்க அங்கே மண்ணே இல்லை.

நன்றி, வணக்கம்.