வாசலில் ஒரு வாளி
(உலகக் கைகழுவும் நாளான அக்டோபர் 15 அன்று ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, சத்துணவு அமைப்பாளர் அம்மா அவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, வெயிலில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். போன வருடம் எனக்குப் பொன்னாடை போர்த்திய பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், இந்த வருடம் அந்தக் காசுக்குச் சோப்பு வாங்கி வந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு, கூழானாலும் குளித்துக் குடி." சுகாதார ஆய்வாளராக முப்பது வருடம் ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொன்னேன். இன்றைக்கும் இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கதை நம் ஊர்க் கதையல்ல. மேற்கு ஆப்பிரிக்காவில், கடலோரத்தில் லைபீரியா என்று ஒரு நாடு. தலைநகரம் மன்ரோவியா. 2014ஆம் ஆண்டு எபோலா காய்ச்சல் வந்தபோது அந்த மக்கள் எப்படி நாளைக் கழித்தார்கள் என்று மூன்று விஷயம் சொல்கிறேன். ஒன்று கை, இரண்டாவது சாவு, மூன்றாவது பள்ளிக்கூடம்.

முதலில் கை. லைபீரியர்கள் கைகுலுக்கினால் சத்தம் கேட்கும். கையை விடும்போது இருவரின் நடுவிரலும் ஒன்றோடொன்று பட்டுச் சொடக்குப் போடும். சிநேகிதர்கள் சந்தித்தால் அந்தச் சத்தம் கேட்காமல் இருக்காது. எபோலா நோயாளியின் வியர்வை, வாந்தி, இரத்தம் பட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய். அதனால் அந்தச் சொடக்கு நின்றது. மாதக்கணக்கில் யாரும் யாரையும் தொடவில்லை. கடை, வங்கி, தேவாலயம், மசூதி என்று எல்லா வாசலிலும் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. உள்ளே குளோரின் கலந்த தண்ணீர். கை கழுவினால்தான் உள்ளே போகலாம். நெற்றிக்கு நேரே காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காட்டுவார்கள், அப்புறம்தான் வழி.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெயர் ஃபாட்டு கெக்குலா. வயது 22. ககாட்டா என்ற ஊரில் செவிலியர் படிப்பின் கடைசி வருடம். அப்பாவுக்குக் காய்ச்சல். மன்ரோவியாவுக்குக் கொண்டுபோனால் ஆஸ்பத்திரிகளில் இடமில்லை. திரும்பி வீட்டுக்கு வந்தார்கள். அப்புறம் அம்மாவுக்கு, தங்கைக்கு, வீட்டோடு இருந்த ஒரு பையனுக்கு என்று நான்கு பேர் படுத்துவிட்டார்கள். வைத்தியர் போனில் பேசினார், வீட்டுக்கு வரவில்லை. பாதுகாப்பு உடுப்பு கேட்டால் யார் தருவார்கள்? அந்தப் பெண் குப்பைப் பைகளை எடுத்தாள். காலுறை மேல் ஒரு பை, கெண்டைக்காலில் முடிச்சு. அதன்மேல் ரப்பர் பூட்ஸ், பூட்ஸின் மேல் இன்னொரு பை. தலைமுடியை நீளக் காலுறையால் கட்டி அதற்கும் ஒரு பை. மழைக்கோட்டு. ஒவ்வொரு கைக்கும் நான்கு கையுறை. முகமூடி. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் இத்தனையையும் போட்டு, வெளியே வந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு நாளைக்குப் பலமுறை. நரம்பில் மருந்து ஏற்றியதும் அவளே. நான்கு பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள், அந்தப் பையன் மட்டும் போய்விட்டான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை! கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றால் இதுதான் பிள்ளைகளே. கையில் கிடைத்தது குப்பைப் பை. அதையும் ஒழுங்காகக் கட்டினாள். (கை தட்டுங்கள், அவளுக்காக.)

இரண்டாவது, சாவு. இறந்தவரைக் குளிப்பாட்டி, கட்டிப்பிடித்து அழுது அனுப்புவது அவர்கள் வழக்கமும்தான். ஆனால் எபோலாவில் இறந்த உடலைத் தொடுவதுதான் மிகவும் ஆபத்து. மன்ரோவியாவில் அரசாங்கம் உடல்களை எரிக்கச் சொன்னது. அங்கே மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை கல்லறைக்குப் போய்ச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் நாள். 2015 மார்ச்சில் வெள்ளையடிக்கக் கல்லறையே இல்லாத வீடுகள் எத்தனையோ. இதை நினைத்தால் எனக்குப் பேச்சு வராது. லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல் போனார்கள். பக்கத்து நாடுகளான கினி, சியரா லியோனையும் சேர்த்தால் 11,300க்கு மேல்.

மூன்றாவது பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், சுருக்கிவிடுகிறேன். மாதக்கணக்கில் மூடியிருந்த பள்ளிகள் 2015 பிப்ரவரி 16 அன்று திறந்தன. பிள்ளைகள் முதலில் பார்த்தது கரும்பலகையை அல்ல. வாசலில் இருந்த அந்த வாளியை.

சரி, இந்தப் பள்ளிக்கு வருவோம். கழிப்பறை அருகே நான்கு குழாய். இரண்டில் தண்ணீர் வரவில்லை. காலையில் நானே திருகிப் பார்த்தேன். சத்துணவுக் கூடத்தின் பக்கம் குழாயே இல்லை. 240 பிள்ளைகள் எதில் கை கழுவிவிட்டுச் சாப்பிடுவார்கள்? கூழானாலும் குளித்துக் குடி என்று பாட்டி சொல்லிவிட்டாள், தண்ணீருக்கு வழி நாம்தானே செய்ய வேண்டும்? ஊராட்சித் தலைவர் அவர்களே, மேடையிலேயே கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இந்த மாதத்துக்குள் அந்த இரண்டு குழாயும் ஓட வேண்டும், சத்துணவுக் கூடத்துக்கு ஆறு குழாய் வேண்டும், எட்டாத சின்னப் பிள்ளைகளுக்கு உயரம் குறைத்து இரண்டு. ஒரு வருடச் சோப்புச் செலவு என் ஓய்வூதியத்திலிருந்து. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது சாப்பாட்டு மணி அடிக்கும். கூடத்தின் வாசலில் இரண்டு வாளி வைத்திருக்கிறோம், மகளிர் குழு அக்காமார்கள் பக்கத்தில் நிற்பார்கள். ஆறாம் வகுப்பு முதலில் வரட்டும். விரல் இடுக்கும் நகமும் மறக்காமல்.